பந்தும் வேண்டும், பட்டமும் வேண்டும்!

"விளையாடினால் சோறு கிடைக்குமா?"

சேலம், நாமக்கல் பக்கத்தில் இந்தக் கேள்வியைக் கேட்காத தகப்பனார் இல்லை. தாரமங்கலத்தில் தறியை நிறுத்திவிட்டுக் கேட்பார். ராசிபுரத்தில் மரவள்ளிக் காட்டில் நின்று கேட்பார். திருச்செங்கோட்டில் ரிக் வண்டிக்குப் புறப்படும்போது, துணிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே கேட்பார்.

பையன் பதில் சொல்ல மாட்டான். மட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சாப்பிட உட்காருவான்.

"சாப்பிடும்போது பிள்ளையைத் திட்டாதீங்க" என்பாள் தாய். அத்தோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும். மறுநாள் மறுபடியும் தொடங்கும்.

முன்பெல்லாம் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். "கிடைக்காது!" இப்போது அப்படிச் சொல்ல முடியவில்லை. சின்னப்பம்பட்டி நடராஜன் வந்து அந்தப் பதிலை மாற்றிவிட்டார்.

சின்னப்பம்பட்டிப் பிள்ளை

நடராஜனின் தகப்பனார் தறித் தொழிலாளி. தாயார் சாலையோரத்தில் கோழி இறைச்சிக் கடை வைத்திருந்தார். பையன் 20 வயது வரை டென்னிஸ் பந்தில்தான் ஆடினான். பிறகு சென்னைக்குப் போய், தோல் பந்தைப் பிடித்தான். 2015-ல் ரஞ்சிக் கோப்பைப் போட்டியில் தமிழ்நாட்டுக்காக ஆடினான். உடனே ஒரு இடி விழுந்தது. "பந்து வீசும் முறை சரியில்லை" என்று புகார் வந்தது. எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று.

கற்றுக்கொண்டான். 2017 பிப்ரவரியில் ஐ.பி.எல். ஏலம் நடந்தது. நடராஜனுக்குக் குறித்த அடிப்படை விலை 10 லட்சம் ரூபாய். பஞ்சாப் அணி கொடுத்த விலை 3 கோடி ரூபாய்!

2020-ல் ஆஸ்திரேலியாவுக்குப் போன இந்திய அணியோடு நடராஜனும் போனார். முதலில் தேர்வானது ஆட்டக்காரராக அல்ல. பயிற்சியில் மற்றவர்களுக்குப் பந்து போட்டுக் கொடுக்கும் ஆளாக! அங்கே ஒருவர் பின் ஒருவராகக் காயம் பட்டார்கள். நடராஜனுக்கு அழைப்பு வந்தது. டிசம்பர் 2-ந் தேதி ஒரு நாள் போட்டி. 4-ந் தேதி 20 ஓவர் போட்டி. 2021 ஜனவரி 15-ந் தேதி பிரிஸ்பேனில் டெஸ்ட். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர்தான்.

ஊர் கொண்டாடியது. நியாயந்தான். இந்த இடத்தில் கதையை நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். நிறுத்தக்கூடாது.

2021 மார்ச் 28. புனேயில் இங்கிலாந்தோடு ஒரு நாள் போட்டி. கடைசி ஓவரில் இங்கிலாந்துக்கு 14 ஓட்டம் வேண்டும். சாம் கரன் அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தார். பந்து நடராஜன் கையில். அவர் 6 ஓட்டம்தான் கொடுத்தார். இந்தியா 7 ஓட்டத்தில் ஜெயித்தது.

அடுத்த மாதம் முழங்காலில் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு 2025 முடியும் வரை அவருக்கு இந்திய அணியில் ஆட இடம் கிடைக்கவில்லை. ஐ.பி.எல்.லில் ஆடினார். 2024-ல் ஐதராபாத் அணிக்காக 19 விக்கெட் எடுத்தார். அந்த ஆண்டு ஏலத்தில் டெல்லி அணி 10 கோடியே 75 லட்சம் கொடுத்தது. ஆனால் 2025-ல் பெரும்பாலும் வெளியில்தான் உட்கார்ந்திருந்தார்.

உச்சிக்குப் போன நடராஜனுக்கே இதுதான் நிலைமை. ஒரு முழங்கால், ஒரு தோள்பட்டை, ஒரு ஏலம். வீரனின் பிழைப்பு இவற்றில் தொங்குகிறது.

எத்தனை இடம்?

ஒரு சின்னக் கணக்கு. ஐ.பி.எல்.லில் 10 அணிகள். ஒரு அணிக்கு அதிகபட்சம் 25 பேர். மொத்தம் 250. அணிக்கு 8 வெளிநாட்டார் என்று வைத்தால், 80 போய்விடும். மிச்சம் 170. இது இந்தியா முழுவதற்கும்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை சேலத்திலிருந்து நாமக்கல் வரை வறண்ட ஏரிகளில் டென்னிஸ் பந்து வைத்து ஆடும் பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். பல மடங்கு இருப்பார்கள்.

கபடியும் இப்படித்தான். 2014-ல் புரோ கபடி தொடங்கியது. 2017-ல் தமிழ் தலைவாஸ் அணியும் சேர்ந்தது. மண் களத்தில் ஆடியவர்களைத் தொலைக்காட்சியில் பார்க்க முடிகிறது. சந்தோஷம். ஆனால் 12 அணிகள். ஆண்டில் சில மாதம்தான் ஆட்டம். மற்ற மாதங்களில் உலை வைக்க வேறு வழி வேண்டும்.

அதனால் தகப்பனார் கேட்பது சரி என்று சொல்லிவிடலாமா? அதுவும் இல்லை. மட்டையைப் பிடுங்கி அடுப்பில் போடுகிற தகப்பனாரும் தப்புச் செய்கிறார். "படிப்பு எதற்கு, பந்து இருக்கிறதே" என்று சொல்லும் பையனும் தப்புச் செய்கிறான். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. அது கல்லூரி.

காய்கறிக் கூடையும் தங்கப் பதக்கமும்

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் மாரியப்பனின் தாயார் காய்கறி விற்றுப் பிழைத்தார். மாரியப்பனுக்கு 5 வயது. பள்ளிக்கூடம் போகிற வழியில் ஒரு பஸ் மோதியது. வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிவிட்டது. வைத்தியத்துக்குக் கடன் வாங்கினார் தாயார். காய்கறி விற்கிற கையால் அந்தக் கடனை அடைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது வட்டி கட்டுகிற வீட்டுக்குத் தெரியும்.

பள்ளியில் இருந்த விளையாட்டு ஆசிரியர் பையன் தாண்டுவதைப் பார்த்தார். உயரம் தாண்டு என்றார். 14 வயதில், கால் நன்றாக இருக்கும் பிள்ளைகளோடு போட்டி போட்டு இரண்டாவதாக வந்தான். பிறகு சேலம் ஏ.வி.எஸ். கலை அறிவியல் கல்லூரியில் வணிக நிர்வாகம் படித்தார் மாரியப்பன். 2013-ல் தேசியப் போட்டியில் பயிற்சியாளர் சத்தியநாராயணாவின் கண்ணில் பட்டார். 2015-ல் பெங்களூருக்குப் பயிற்சிக்குப் போனார்.

2016-ல் பிரேசில் நாட்டின் ரியோ நகரில் பாராலிம்பிக் போட்டி. மாரியப்பன் 1.89 மீட்டர் தாண்டினார். தங்கம்! தமிழக அரசு 2 கோடி ரூபாய் பரிசு அறிவித்தது. 2021-ல் டோக்கியோவில் வெள்ளி. 2024-ல் பாரிசில் வெண்கலம். மூன்று பாராலிம்பிக், மூன்று பதக்கம்.

ஆனால் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது பரிசுப் பணத்தை அல்ல. 2021 நவம்பரில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தில் துணை மேலாளர் பதவிக்கான ஆணையை மாரியப்பனுக்கு முதல்வர் ஸ்டாலின் கொடுத்தார். அந்த ஆலை எங்கே இருக்கிறது? நாமக்கல் மாவட்டத்தில் இருந்து காவிரியைத் தாண்டினால் புகழூர். அங்கேதான்.

அந்த வேலை பதக்கத்துக்காகக் கிடைத்தது என்பது உண்மை. ஆனால் அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்தபின் கோப்பைப் படிக்க வேண்டுமே! அதற்குப் பதக்கம் உதவாது. படித்த படிப்புதான் உதவும்.

இன்னொருவர் துளசிமதி. காஞ்சிபுரத்துப் பெண். இடது கையில் குறை. தகப்பனாரே பாட்மின்டன் சொல்லிக் கொடுத்தார். பெண் படிக்க வந்ததோ நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு. மாட்டு வைத்தியப் படிப்பு லேசான படிப்பு அல்ல. ஆனாலும் 2024-ல் பாரிசில் பாட்மின்டனில் வெள்ளிப் பதக்கம் வாங்கினார். நாளைக்கு ராக்கெட்டை வைத்துவிட்டாலும், அவர் கையில் ஒரு தொழில் இருக்கும். பெண்ணுக்கு 18 வயது ஆனதும் ஆட்டத்தை நிறுத்துகிற வீடுகளில் இந்தச் சேதியை இரண்டு முறை படித்துக் காட்டலாம்.

பனிக்கட்டி மேல் ஒரு பாடம்

கல்லூரி ஆட்டம் தொழிலாக மாறுவதில் அமெரிக்காவும் கனடாவும் பழம் தின்று கொட்டை போட்டவை. அங்கே ஐஸ் ஆக்கி என்று ஒரு ஆட்டம் உண்டு. காலில் கத்தி வைத்த பூட்சைக் கட்டிக்கொண்டு பனிக்கட்டித் தரையில் சறுக்கிக்கொண்டே ஆடுவார்கள். சேலத்து வெயிலில் பனிக்கட்டியைச் சர்பத் கடையில்தான் பார்க்கலாம். ஆனாலும் அந்த ஆட்டத்தின் கதை சேலத்துப் பிள்ளைக்கு வேண்டிய கதை.

1980 பிப்ரவரி 22. அமெரிக்காவில் லேக் பிளாசிட் என்ற ஊரில் ஒலிம்பிக் போட்டி. அன்றைக்கு ரஷ்ய அணியை ஜெயிக்க உலகத்தில் ஆள் இல்லை என்று பேச்சு. எதிரே நின்ற அமெரிக்க அணியில் 20 பேர். பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். 4-க்கு 3 என்று ரஷ்யாவைத் தோற்கடித்தார்கள்! அடுத்து பின்லாந்தையும் ஜெயித்துத் தங்கம் வாங்கினார்கள்.

அந்த 20 பேரில் 13 பேர் பிற்பாடு என்.எச்.எல். என்ற பெரிய தொழில்முறைப் போட்டியில் ஆடினார்கள். மற்ற 7 பேர் ஆடவில்லை. ஒலிம்பிக் தங்கம் கழுத்தில் தொங்கியும் ஆடவில்லை!

அந்த 7 பேரில் ஒருவர் யார் தெரியுமா? ரஷ்யாவுக்கு எதிராக வெற்றி கோல் போட்டவர். அணியின் தலைவர் மைக் எருசியோன். பாஸ்டன் பல்கலைக்கழகப் பட்டதாரி. ஒலிம்பிக் முடிந்ததும் 25 வயதில் ஆட்டத்தை விட்டார். தொலைக்காட்சியில் வர்ணனை செய்தார். பிறகு, படித்த பல்கலைக்கழகத்திலேயே வேலைக்குப் போனார்.

கென் டிரைடன் என்பவரின் கதை இதைவிட ருசியானது. கனடா நாட்டு கோல் காவலர். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்து, ஆடி, தொழில்முறை ஆட்டத்துக்குப் போனார். ஆடிக்கொண்டே சட்டமும் படித்தார். 1973-ல் சம்பளத் தகராறு வந்தது. முதலாளிகள் இறங்கி வரவில்லை. டிரைடன் என்ன செய்தார்? மட்டையைக் கீழே வைத்துவிட்டு வக்கீல் ஆபீசுக்குப் பயிற்சிக்குப் போய்விட்டார்! ஒரு வருஷம் ஆடவே இல்லை. அடுத்த வருஷம் நல்ல சம்பளத்தோடு திரும்பி வந்தார். 1979-ல் ஆட்டத்தை விட்டபோது வயது 31. பிறகு அரசியலுக்குப் போய், கனடாவில் மந்திரியாகவும் இருந்தார்.

படிப்பு இல்லாத ஆட்டக்காரன் கொடுத்ததை வாங்கிக்கொள்வான். டிரைடனால் வேண்டியதைக் கேட்க முடிந்தது.

அந்த ஊர்க் கல்லூரி அணிகளில் ஒரு கண்டிப்பு உண்டு. பாடத்தில் குறிப்பிட்ட மார்க் இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய ஆட்டக்காரனாக இருந்தாலும் களத்தில் இறங்க முடியாது.

கண்ணாடி அலமாரி

இங்கே நடப்பது என்ன? விளையாட்டு இடத்தில் பையனைக் கல்லூரியில் சேர்க்கிறார்கள். பந்தயத்துக்கு அனுப்புகிறார்கள். வகுப்புக்கு வராத நாளுக்கு வந்ததாகக் குறித்துக்கொள்கிறார்கள். ஜெயித்து வந்தால் படம் பிடிக்கிறார்கள். கோப்பை முதல்வர் அறைக் கண்ணாடி அலமாரியில் ஏறுகிறது.

வருகைப் பதிவு கிடைத்தது. ஆனால் அன்று நடந்த பாடம்? அதை யார் சொல்லிக் கொடுப்பது? மூன்று வருஷம் கழித்து வீட்டுக்கு வரும்போது பையன் கையில் பத்துச் சான்றிதழ் இருக்கிறது. கூடவே பத்து அரியரும் இருக்கிறது. எல்லாக் கல்லூரியும் இப்படி அல்ல. அக்கறையுள்ள விளையாட்டு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனால் இப்படியும் நடக்கிறது என்பது ஆடிய பிள்ளைகளின் வீட்டுக்குத் தெரியும்.

அரியர் வைத்த பையனுக்கு என்ன நஷ்டம்? ரயில்வேயில் ஆட்டக்காரர்களுக்கு வேலை உண்டு. பத்தாவது படித்தவனுக்குக் கீழ்ப்படி. பிளஸ் டூ படித்தவனுக்கு அதற்கு மேல்படி. பட்டதாரிக்கு இன்னும் மேலே. தமிழக அரசும் வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவிகிதம் ஒதுக்கியிருக்கிறது. அங்கேயும் பதவிக்கு ஏற்ற படிப்பு வேண்டும். ஒரே கபடி அணியில் ஒன்றாக ஆடிய இரண்டு பேரில் ஒருவன் நாற்காலியிலும், இன்னொருவன் வாசலிலும் உட்காருவது இதனால்தான்.

சேலம், நாமக்கல் கல்லூரிகள் பல பெரியார் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவை. பந்தயத்துக்குப் போனதால் பரீட்சை எழுத முடியாத பிள்ளைக்கு அதே பருவத்தில் தனித் தேதி வைக்கலாம். விட்ட பாடத்துக்கு மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். இதற்குக் கோடி ரூபாய் வேண்டாம். மனசு இருந்தால் போதும். அப்படியே, ஊர் ஊருக்கு முட்டை அனுப்புகிற நாமக்கல்லில், மைதானத்தில் ஓடும் பிள்ளைக்குக் காலையில் இரண்டு முட்டை கொடுக்கவும் யாராவது யோசிக்கலாம்.

சின்னப்பம்பட்டியில் நடராஜன் கட்டிய கிரிக்கெட் மைதானம் 2023 ஜூனில் திறக்கப்பட்டது. தினேஷ் கார்த்திக் வந்து திறந்து வைத்தார். ஒரு கிராமத்துக்கு மைதானம் வந்துவிட்டது. மைதானத்தில் இருந்து வரும் பிள்ளையை எடுத்துக்கொள்ளக் கல்லூரியும் தயாராக இருக்க வேண்டும்.

இனி ஜூன் மாதம் பிள்ளையை விளையாட்டு இடத்தில் சேர்க்கப் போகிற தாய் தகப்பனார், கட்டணம் எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டாம். மைதானம் எங்கே இருக்கிறது என்று கேட்கட்டும். போன வருஷம் அணியில் ஆடிய பிள்ளைகளில் எத்தனை பேர் எல்லாப் பாடத்திலும் பாஸ் என்று கேட்கட்டும். பந்தயத்தன்று பரீட்சை வந்தால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்கட்டும். பதில் வரும் வரை ரசீதுக்குக் கையெழுத்துப் போட வேண்டாம்.