திறந்த தரவும் மாணவர் கடனும்

1892ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் ஏட்டுச் சுவடிகளிற் கிடந்த சிலப்பதிகாரத்தை அச்சேற்றினார். அதே ஆண்டிலேதான் காரைதீவில் விபுலாநந்த அடிகள் பிறந்தார். ஏட்டில் இருந்தவரை ஒருசிலர்க்கே எட்டிய நூல், அச்சேறிய பின்னர் யாவர்க்கும் பொதுவாயிற்று. அறிவியற் பட்டதாரியான அடிகள் அதன் இசைச் செய்திகளைக் கணித நெறியாலும் ஆராய்ந்து யாழ்நூலை ஆக்கினார். 1947இல் கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதனை வெளியிட்டது. பொதுவாக்கப்பட்ட மூலம், கற்றவர் உழைப்பு, துணைநின்ற சங்கம் ஆகிய மூன்றும் கூடியவிடத்தே புதிய அறிவு பிறந்தது.

இக்காலத்தார் ‘திறந்த தரவு’ என்பதும் இத்தன்மைத்தே. யாவரும் தடையின்றி எடுத்தாளவும் பகிரவும் உரிய செய்தித் தொகுதி அது. 2013இல் மட்டக்களப்பு மண்முனை வடக்கில் 30,000க்கு மேற்பட்ட கட்டடங்கள் ‘ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்’ என்னும் பொது நிலப்படத்திற் குறிக்கப்பட்டன. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தோடு பேராதனை, மொறட்டுவைப் பல்கலைக்கழகங்களும் அப்பணியிற் பங்குகொண்டன. வெள்ளமும் புயலும் வருமுன் ஆபத்தை மதிப்பிடுதற்கு அத்தகைய படம் உதவும்.

ஒலுவிலிலும் வந்தாறுமூலையிலும் பயிலும் நம் பழைய மாணவர் இத்தகைய பணியை இவ்வூரிற் செய்தல் வேண்டும் என்பது எம் கருத்து. பொதுப்படம் தெருவைக் காட்டும். மழையில் எத்தெரு முழங்காலளவு நீரில் ஆழும் என்பதைக் காட்டாது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை எதுவரை ஏறிற்று, எக்கிணறு உவர்த்தது என்பன மீனவர் நினைவிலும் தாய்மார் நினைவிலுமே உள்ளன. மீனவர் சங்கம், மாதர் சங்கம், கோயில் பரிபாலன சபை, பள்ளிவாசல் நிருவாகம் ஆகியவற்றைத் துணைக்கொண்டால் அந்நினைவும் படமும் ஒன்றாகும். வடக்கே சாய்ந்தமருதையும் தெற்கே நிந்தவூரையும் நம்மூரையும் அலை வேறுபிரித்துப் பார்க்கவில்லை. நாமும் படத்தை எல்லையோடு நிறுத்தல் தகாது.

ஆயின் ஒன்று சொல்லியாக வேண்டும். பேரலைக்குப் பின்னர் வினாக்கொத்தோடு வந்தோர் பலர். தாம் கண்ட முடிவைத் தமிழில் எழுதிக் கொணர்ந்து தந்தோர், யாம் அறியச் சிலரே. பிள்ளையை இழந்த தாயிடம் மீண்டும் மீண்டும் வினாவுதல் எளிது. அவள் விடையால் அவளுக்கு விளைந்த பயன் யாது?

ஆதலால், ஊரவர்க்கு வேண்டுவது யாதென முதலிற் கேட்க வேண்டும். தனிமனிதர் துயரத்தையும் குடும்பச் செய்தியையும் பொதுவில் வைத்தலாகாது. முடிவு வாசிகசாலைச் சுவரிலே தமிழிற் தொங்குதல் வேண்டும். அது தொங்கும்வரை ஆய்வு முற்றுப்பெறவில்லை எனக் கொண்டு புள்ளி வழங்குமாறு பல்கலைக்கழக ஆசிரியரையும் வேண்டுகின்றோம்.

மாணவர்காள், பட்டம் உங்கட்குரியது, தரவு ஊருக்குரியது. பெற்றதைத் திருப்பித் தருதலே கற்றதன் பயன்.