மூளைக்கு அடியில் கட்டி... மூக்கு வழியே ஆபரேஷன்!

'மூளைக்கு அடியில் கட்டி' என்று டாக்டர் சொன்னதும், மண்டையைத் திறப்பார்களோ என்றுதான் வீட்டில் எல்லோரும் நடுங்கிப்போவார்கள். ஆனால், அறுவை சிகிச்சை தேவைப்படும் பிட்யூட்டரி கட்டிகளில் பெரும்பாலானவற்றை மூக்குத் துவாரம் வழியாகவே எடுத்துவிடலாம்.

பட்டாணி அளவுள்ள பிட்யூட்டரி சுரப்பி, மூக்கின் பின்கோடியில் உள்ள காற்றறைக்குச் சற்று மேலே இருக்கிறது. மண்டையைத் திறந்து போனால் மூளையை ஒதுக்கித்தான் அதை அடைய முடியும். மூக்கு வழியே போனால் அந்தச் சிரமம் இல்லை. 1907-ல் ஆஸ்திரியாவின் ஹெர்மன் ஷ்லோஃபர் இந்த வழியில் முதன்முதலில் ஆபரேஷன் செய்தபோது, மூக்கையே வெட்டித் திருப்ப வேண்டியிருந்தது. இன்று முகத்தில் தழும்பே இல்லை. காது மூக்கு தொண்டை மருத்துவர் எண்டோஸ்கோப் மூலம் பாதை அமைக்க, நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் கட்டியை அகற்றுகிறார்.

எல்லோருக்கும் இது பொருந்துமா? பொருந்தாது. சுரப்பியின் இருபுறமும் மூளைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் பெரிய ரத்தக்குழாய்கள் உள்ளன. அவற்றைத் தாண்டிக் கட்டி பக்கவாட்டில் பரவியிருந்தால், மண்டையோட்டைத் திறக்க வேண்டிவரலாம். புரோலாக்டின் ஹார்மோனைச் சுரக்கும் கட்டி என்றால், பெரும்பாலும் மாத்திரையிலேயே சுருங்கிவிடும். அதனால் ஸ்கேனுடன் ஹார்மோன் பரிசோதனையும் அவசியம்.

பார்வை நரம்புகள் இந்தச் சுரப்பிக்கு மேலேதான் ஒன்றையொன்று கடக்கின்றன. கட்டி வளர்ந்து அழுத்தினால், இரு ஓரப் பார்வையும் மெல்ல மங்கும். கதவு நிலையில் தோள் இடிக்கும். பக்கத்தில் வரும் வண்டி தெரியாது. கண்ணாடி மாற்றினாலும் சரியாகாது. மோதிரமும் செருப்பும் இறுக்கமாவது, மாதவிலக்கு நிற்பது, தாய்ப்பால் கொடுக்காத பெண்ணுக்குப் பால் சுரப்பது ஆகியவையும் அறிகுறிகளாக இருக்கலாம்.

ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டர் அனுமதிக்கும்வரை மூக்கைச் சிந்தக் கூடாது. கனம் தூக்கக் கூடாது. மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டினால், அது மூளையைச் சுற்றியுள்ள திரவமாக இருக்கலாம். அடக்க முடியாத தாகமும் அளவுக்கு அதிகமாகச் சிறுநீரும் இருந்தாலும் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்திருந்தால், அதைத் தானாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

அழுத்தம் சீக்கிரம் நீங்கினால், மங்கிய பார்வை பலருக்குத் திரும்புகிறது. நரம்பு நீண்ட நாள் நசுங்கிக் கிடந்தால், கட்டியை எடுத்த பிறகும் இழந்த பார்வை முழுமையாகக் கிடைக்காமல் போகலாம். ஓரப் பார்வையில் சந்தேகமா? கண் டாக்டரிடம் 'பார்வைப் புலப் பரிசோதனை' செய்ய வேண்டுமா என்று தயங்காமல் கேளுங்கள்!