கதவை உதைக்கும் முன் யார் வீடு என்று பாருங்கள்

ரிவர்ஸ்டன் பக்கத்துத் தோட்டங்களில் இரவு ஒன்பது மணிக்கெல்லாம் விளக்கை அணைத்துவிடுவோம். விடியற்காலையில் எழும்பிப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஆயத்தப்படுத்தி, பிரட்டுக்கு நேரத்துக்குப் போக வேண்டும். மூடுபனியும் காற்றும் வெளியில் நிற்கவும் விடாது. அந்த நேரத்தில் ஒரு கதவை உதைக்கும் சத்தம் கேட்டால் அந்தக் காம்பிரா மட்டுமல்ல, முழு லயமும் எழும்பிவிடும். ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம் என்றுதானே வாழ்கிறோம்.

டோர்ச் வெளிச்சம் முகத்தில் அடிக்கும். சிங்களத்தில் ஒரு பெயர் சொல்லிக் கேட்பார்கள். "அவர் இங்க இல்லைங்க சேர், அது மேல் லயம்" என்று வீட்டுக்காரர் சொல்லி முடிப்பதற்குள் அரிசி வாளி கவிழ்ந்திருக்கும், பெட்டியில் இருந்த துணியெல்லாம் தரையில் கிடக்கும். பிழை தெரிந்ததும் ஜீப் திரும்பிப் போகும். மன்னிப்பும் இல்லை, ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. இது நம்மில் பலர் பார்த்த, அல்லது கேள்விப்பட்ட காட்சிதான்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். கசிப்புக்கும் போதைப்பொருளுக்கும் எதிரான சோதனைகளை நாங்கள் எதிர்க்கவில்லை. தோட்டங்களில் எத்தனை வீட்டில் சம்பளம் அடுப்புக்கு வராமல் போகிறது என்பது பெண் தொழிலாளர்களுக்கு நன்றாகத் தெரியும். விற்பவனைப் பிடியுங்கள். ஆனால் அவன் வீட்டுக்குப் போய்ப் பிடியுங்கள்.

லயத்தில் இந்தப் பிழை ஏன் இலகுவாக நடக்கிறது? நம்மில் பலருக்குச் சொந்த முகவரி இல்லை. பெயர், டிவிசன், தோட்டம், அவ்வளவுதான். கடிதம்கூடத் தோட்டத்து ஒபிசுக்கு வந்து, அங்கிருந்து கைமாறித்தான் நமக்குக் கிடைக்கிறது. பல காம்பிராக்களின் கதவில் இலக்கம் கிடையாது. ஒரே டிவிசனில் ராஜாக்கள் நான்கு பேர், குமார்கள் ஐந்து பேர் இருப்பார்கள். நாம் அவர்களைத் தொங்கல் காம்பிரா ராஜா, கோயிலடி ராஜா என்று பிரித்துச் சொல்வோம். பொலிஸ் புத்தகத்தில் வெறும் ராஜாதான் இருப்பார். அது போதாதென்று 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளிக்குப் பிறகு நம் மாவட்டத்திலும் பல குடும்பங்கள் இருந்த இடத்தை விட்டு வேறிடம் போக வேண்டி வந்தது. அடையாள அட்டையில் ஓரிடம், படுப்பது இன்னோரிடம் என்று இருக்கும்போது, பெயரை மட்டும் வைத்துக்கொண்டு வரும் ஜீப் எங்கே போய் நிற்கும்?

பெயர் ஒன்றாக இருப்பது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதற்கு நாடே அறிந்த ஒரு வழக்கு இருக்கிறது. கொழும்புக் கப்பல் கட்டும் தளத்தில் சமையல்காரராக வேலை செய்தவர் ஜெரால்ட் மேர்வின் பெரேரா. 2002 ஜூன் மாதம் வத்தளை பொலிஸார் ஒரு கொலை வழக்குக்காக 'ஜெரால்ட்' என்ற ஒருவரைத் தேடினார்கள். இவரைப் பிடித்துக் கொண்டுபோய்க் கட்டித் தொங்கவிட்டு அடித்தார்கள். பிறகுதான் ஆள் மாறிவிட்டது என்று விட்டார்கள். அதற்குள் அவருடைய சிறுநீரகங்கள் செயலிழந்து, உயிருக்குப் போராடும் நிலைக்கு வந்துவிட்டார். 2003 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று தீர்ப்பளித்து 8 இலட்சம் ரூபாய் நட்டஈடும், வைத்தியச் செலவும் கொடுக்கச் சொன்னது. சித்திரவதை தொடர்பான குற்றவியல் வழக்கில் அவர் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. அதற்குச் சில நாட்கள் இருக்கும்போது, 2004 நவம்பரில், வேலைக்குப் போகும் வழியில் பஸ்ஸில் வைத்துச் சுடப்பட்டு இறந்தார். தலைநகரத்தின் பக்கத்தில், நிரந்தரத் தொழிலும் வழக்குப் பேச ஆளும் இருந்தவருக்கே இந்தக் கதி. ரத்தோட்டைக்கு மேலே, பஸ் குறைவான மலையில், தமிழ் மட்டும் பேசத் தெரிந்த ஒருவருக்கு என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அது பழைய கதை என்று ஒதுக்க முடியாது. 2023 டிசம்பர் 17ஆம் திகதி 'யுக்திய' என்ற நடவடிக்கை தொடங்கியது. ஒரு மாதம் கழித்து, தேடுதல் ஆணை இல்லாமல் சோதனைகள் நடப்பதாகவும் ஆயிரக்கணக்கானோர் பிடிக்கப்பட்டிருப்பதாகவும் சொல்லி, அந்த நடவடிக்கையை நிறுத்தி மீளாய்வு செய்யும்படி ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமை நிபுணர்கள் கேட்டார்கள். அதே காலத்தில், 2024 ஜனவரி 18ஆம் திகதி நாரம்மலையில் சிவில் உடையில் நின்ற பொலிஸ் அதிகாரி ஒருவரின் துப்பாக்கிச் சூட்டில் லொறிச் சாரதி ஒருவர் உயிரிழந்தார். அதற்கு முன்னர் 2023 டிசம்பர் 31ஆம் திகதி வெலிகமவில், சிவில் உடையில் வேனில் வந்த கொழும்புக் குற்றத் தடுப்புப் பிரிவினர் மீது வெலிகம பொலிஸாரே சுட்டதில் ஒரு பொலிஸ் உத்தியோகத்தர் இறந்தார். வந்தவர் யார், நிற்பவர் யார் என்று பார்க்காமல் இறங்கினால் பொலிஸுக்கே பாதுகாப்பு இல்லை என்பதை இது காட்டுகிறது. இப்போதைய அரசாங்கமும் 2025 ஒக்டோபரில் 'முழு நாடும் ஒன்றாக' என்று போதைப்பொருளுக்கு எதிரான வேலைத்திட்டத்தை ஆரம்பித்திருக்கிறது. நோக்கம் நல்லது. பழைய பிழை தொடரக் கூடாது.

ஒவ்வொரு வீட்டுக்கும் இலக்கம் உள்ள நாட்டிலும் இந்தப் பிழை நடக்கத்தான் செய்கிறது. 2017இல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் எப்.பி.ஐ. அதிகாரிகள் விடியற்காலையில் தவறான வீட்டின் கதவை உடைத்து, உள்ளே இருந்த குடும்பத்தைத் துப்பாக்கி முனையில் நிறுத்தினார்கள். போக வேண்டிய வீடு பக்கத்தில் வேறொன்று. அந்தக் குடும்பம் விடவில்லை. வழக்கு அமெரிக்க உயர் நீதிமன்றம் வரை போனது. அவர்களுடைய நட்டஈட்டுக் கோரிக்கையைத் தள்ளிவிட்ட கீழ் நீதிமன்றம் அதைத் திரும்ப விசாரிக்க வேண்டும் என்று 2025 ஜூன் 12ஆம் திகதி நீதியரசர்கள் எல்லோரும் ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள். எட்டு வருடம் ஆனது, ஆனாலும் பேச்சு நின்றுவிடவில்லை.

நம் பக்கத்தில் பேச்சு அடுத்த நாளே நின்றுவிடுகிறது. உடைந்த கதவுக்குத் தோட்டமும் பொறுப்பில்லை, பொலிஸும் பொறுப்பில்லை. ரிவர்ஸ்டன் காற்றில் கதவில்லாத காம்பிராவில் கைக்குழந்தையோடு எப்படிப் படுப்பது? சாக்கைக் கட்டி மறைத்துவிட்டு, கதவு தேட ஒரு நாள் பேரை இழக்க வேண்டும். அதைவிடப் பெரிய நட்டம் பெயருக்கு வருகிறது. "நெருப்பில்லாமல் புகையுமா" என்று பீலிக்கரையில் பேச்சு கிளம்பும். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்கள். பெண் பார்க்க வருபவர்கள் காதிலும் அது விழும். வந்தவர்கள் பிழையாக வந்தோம் என்று லயத்தார் முன்னால் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இதில் பாதி இருக்காது. நாமும் ஒன்றைத் திருத்திக்கொள்வோம்: பிழையாகச் சோதிக்கப்பட்ட வீட்டைப் பற்றிக் கதை கட்ட வேண்டாம். நாளைக்கு அது நம் கதவாகவும் இருக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது? அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரைப்படி, சட்டத்தில் சொன்ன நடைமுறைக்கு வெளியே யாரையும் கைது செய்ய முடியாது, கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும். 11ஆம் உறுப்புரை சித்திரவதையை முற்றாகத் தடுக்கிறது. சில சந்தர்ப்பங்களில் தேடுதல் ஆணை இல்லாமலும் பொலிஸார் வீட்டைச் சோதிக்கலாம், ஆனால் ஆணை இருக்கிறதா, என்ன காரணம் என்று நாம் கேட்கலாம். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவைப்படி, ஒரு பெண்ணை உடற்சோதனை செய்வதாக இருந்தால் இன்னொரு பெண்தான் செய்ய வேண்டும். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. ஆகவே விளங்காத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்க வேண்டாம். வாசித்துக் காட்டுங்கள் என்று கேளுங்கள்.

அந்த நேரத்தில் மறிக்கவோ தள்ளவோ போகாதீர்கள். அது வேறு வழக்காகிவிடும். அடையாள அட்டையைக் காட்டுங்கள். பக்கத்துக் காம்பிராக்காரரைச் சாட்சியாகக் கூப்பிடுங்கள். நேரம், வாகன இலக்கம், வந்தவர்களின் பெயர் அல்லது இலக்கம், இவற்றை யாராவது ஒருவர் எழுதட்டும். உடைந்ததை அப்படியே வைத்துப் படம் எடுங்கள். அடிபட்டிருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், யார் அடித்தது என்பதையும் டொக்டரிடம் சொல்லுங்கள். பிறகு தோட்டத் தலைவருக்கோ மாதர் சங்கத் தலைவிக்கோ அறிவியுங்கள்.

நாட்கணக்கு மிக முக்கியம். அடிப்படை உரிமை வழக்கை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். நம்மால் கொழும்புக்கு ஓட முடியாதுதான். ஆனால் அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. 1996 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் ஒன்று கண்டியில் இருக்கிறது. "பார்ப்போம், பார்ப்போம்" என்று தள்ளிப்போட்டால் உரிமையும் கையை விட்டுப் போய்விடும்.

எங்கள் கோரிக்கைகள் பெரிய செலவு வைப்பவை அல்ல. ஒவ்வொரு காம்பிராவுக்கும் இலக்கமும் சட்டபூர்வமான முகவரியும் வேண்டும். வெறும் பெயரை வைத்து வராமல், அடையாள அட்டை இலக்கத்தோடு உறுதிப்படுத்திக்கொண்டு வர வேண்டும். இரவுச் சோதனைக்கு வரும் குழுவில் தமிழ் பேசும் ஒருவரும் பெண் உத்தியோகத்தர் ஒருவரும் இருக்க வேண்டும். வீடு பிழைத்தால் அதே இடத்தில் எழுத்தில் ஒப்புக்கொண்டு, உடைத்ததைத் திருத்திக் கொடுத்து, லயத்தார் முன்னால் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

200 வருடங்களாக இந்த மலையில் உழைக்கிறோம். நம் பெயர் செக்ரோலில் ஒரு நாளும் மாறுவதில்லை; யார் எத்தனை கிலோ எடுத்தார் என்று தோட்டத்துக்குச் சரியாகத் தெரிகிறது. யார் எந்தக் கதவுக்குப் பின்னால் படுத்திருக்கிறார் என்பதும் அரசாங்கத்துக்கு அதே அளவு சரியாகத் தெரிய வேண்டும். நாங்கள் கேட்பது அதைத்தான்.