சொட்டு மருந்தால் மாறாத கண் நோய்

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் லயங்களுக்குப் போகும்போது ஒரு காட்சியை அடிக்கடி காணலாம். நாற்பது வயதைத் தாண்டிய ஒரு தாய், கூடையை இறக்கி வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் ஒரு கண்ணைத் துடைத்தபடியே பேசுவார். கேட்டால், "சும்மா தண்ணி வடியுது சாமி. மருந்து ஊத்தினா நிக்கும், பிறகு திரும்பவும் வரும்" என்பார்.

அது சும்மா வடிவதல்ல. கண்ணீர், மூக்கோரத்திலுள்ள இரு சிறு துளைகள் வழியே கண்ணீர்ப்பைக்குச் சென்று, அங்கிருந்து ஒரு குழாயால் மூக்கினுள் இறங்குகிறது. அக்குழாய் அடைபட்டால் கண்ணீர் பையிலே தேங்கும். வாய்க்கால் அடைபட்ட வயலின் நாற்றத்தை விவசாயிகளாகிய உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தேங்கிய கண்ணீரில் பக்டீரியாக்கள் பெருகிச் சீழ் பிடிக்கிறது. நடுத்தர வயதுப் பெண்களையே இது அதிகம் தாக்குகிறது.

எல்லோருக்கும் ஒரே கிருமி அல்ல. திருநெல்வேலி அரவிந்த் கண் மருத்துவமனை ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில், நாட்பட்ட நோயில் தோலில் சாதாரணமாக வாழும் ஸ்டபிலோகொக்கஸ் வகைகளும், திடீரென வீங்கி வலிக்கும் நோயில் ஸ்டபிலோகொக்கஸ் ஓரியஸும் முன்னின்றன. நியூமோகொக்கஸ், சூடோமோனாஸ் ஆகியவையும் இப்பையில் காணப்படுவதுண்டு. ஒன்றை அழிக்கும் மருந்து மற்றதை அழிக்காமல் விடலாம். ஆகவேதான் சீழில் சிறிது எடுத்து, ஆய்வுகூடத்தில் கிருமியை வளர்த்து, அது எந்த அன்டிபயோட்டிக்குக்குக் கட்டுப்படுகிறது என்று பார்க்கிறார்கள். முடிவு வரச் சில நாட்கள் செல்லும்.

நம்மிடையே நடப்பது என்ன? பக்கத்துக் காம்பிராவில் மிஞ்சிய போத்தலை வாங்கி இரண்டு நாள் ஊற்றுகிறோம். கண் தெளிந்ததும் நிறுத்திவிடுகிறோம். மருந்துக்குத் தப்பிய கிருமிகளே பின்பு பெருகுகின்றன. பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங் இந்த ஆபத்தை 1945இலேயே எச்சரித்தார்.

இன்னொன்றையும் அறிய வேண்டும். சரியான மருந்தும் சீழை அடக்குமேயன்றி அடைப்பைத் திறக்காது. கைக்குழந்தைகளில் பெரும்பாலானோருக்கு ஒரு வயதுக்குள் அடைப்புத் தானாகத் திறந்துவிடும். பெரியவர்களுக்குப் பையிலிருந்து மூக்கினுள் புதுவழி திறக்கும் சத்திரசிகிச்சையே நிலையான பரிகாரம். இது 1904 முதல் மருத்துவ உலகம் அறிந்த முறை. அசட்டையாக இருந்தால், தேயிலைக் குச்சி கருவிழியைக் கீறும் ஒரு நாளில், பையிலுள்ள கிருமி அப்புண்ணில் இறங்கிப் பார்வையையே பறித்துவிடலாம்.

2016 மே மாதம் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மலை சரிந்தபோது வீடுகளோடு மக்களின் உடைமைகளும் மண்ணுக்குள் போயின. இடம்பெயர்ந்தவர் கையில் கிளினிக் அட்டை இல்லாவிட்டால், முன்பு எந்த மருந்து கொடுத்தார்கள், எது பலிக்கவில்லை என்று புதிய வைத்தியருக்கு எப்படித் தெரியும்? சிகிச்சை மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது.

இதையெல்லாம் மக்களின் அறியாமை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். அங்கே போகும் நாள் இலவசமல்ல. அன்றைய பெயர் போகிறது, பஸ் காசும் போகிறது. கண் கிளினிக்குக்குத் துண்டோடு போகிறவருக்குத் தோட்ட நிர்வாகம் அன்றைய பெயரைப் போட வேண்டும். மீள்குடியேற்றக் கிராமங்களுக்கு நடமாடும் கண் கிளினிக் வர வேண்டும். இவற்றைச் சங்கங்களும் மாதர் குழுக்களும் கூட்டாகக் கேட்க வேண்டும்.

நாம் இன்றே செய்யக்கூடியவையும் உண்டு. பிறர் மருந்தை ஊற்றாதிருப்போம். வைத்தியர் சொன்ன நாள்வரை மருந்தை விடுவோம். அட்டையைப் பொலித்தீன் உறையிலிட்டு அடையாள அட்டையோடு வைப்போம். வைத்தியரிடம், "ஐயா, சீழைப் பரிசோதிக்க வேண்டுமா? குழாய் அடைபட்டிருக்கிறதா?" என்று கேட்போம். கேட்பது நமது உரிமை. காணியை இழந்தவர்கள் கண்ணையும் இழக்க வேண்டியதில்லை.