வாடகை வீடா, விடுதி அறையா?



நகரத்தில் பிழைக்க வந்த நம்முடைய குடும்பங்களுக்கு, எல்லோரும் ஒன்றாயிருக்கும் விடுமுறை நாட்கள் வருடத்தில் மிகச் சொற்பம். அவற்றிலும் பெரும்பகுதி சொந்த ஊருக்குப் போய்வருவதிலேயே கழிந்துவிடுகிறது. மீதியுள்ள மூன்று நான்கு நாட்களில் பிள்ளைகளை எங்கேனும் அழைத்துச் செல்லலாம் என்று நினைத்தால், முன்பெல்லாம் "எந்த லாட்ஜில் தங்குவது?" என்ற கேள்வி மட்டுமே எழும். இன்றோ கைபேசியைத் திறந்தால், சமையலறையுடன் கூடிய முழு வீடுகளே சில நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன. இவ்விரண்டில் எதைத் தெரிந்தெடுப்பது? உங்களில் அநேகருக்கு இந்தக் குழப்பம் உண்டு.

எங்களுக்கு நேர்ந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், டிசம்பர் மாதக் கடைசியில் மும்பையிலிருந்து கோவாவுக்குச் சென்றோம். என் வயதான தாயார், நாங்கள் இருவர், பிள்ளைகள் மூவர் என ஆறு பேர். படங்களில் அழகாய்த் தெரிந்த ஒரு வீட்டை மூன்று இரவுகளுக்கு எடுத்திருந்தோம். இரவு ரயில் ஏறி, மறுநாள் முற்பகலில் மட்காவ் வந்து இறங்கினோம். வீடு கிடைக்கும் நேரமோ பிற்பகல் 2 மணி. சாவி வைத்திருந்தவரின் கைபேசி அணைக்கப்பட்டிருந்தது. வீடு மூன்றாம் மாடியில், லிப்ட் இல்லை. முழங்கால் வலியுள்ள என் தாயார் படிக்கட்டின் கீழே பெட்டியின் மேல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். ஊர் திரும்பும்போது ரயிலில் என் மனைவி, "எல்லோருக்கும் லீவு கிடைத்தது, எனக்கு மட்டும் கிடைக்கவில்லை" என்றாள். யோசித்துப் பார்த்தேன். மூன்று நாளும் காலை, இரவு இரு வேளையும் அவளே சமைத்தாள். பாத்திரமும் அவளே துலக்கினாள். செலவு மிச்சம் என்று நான் மகிழ்ந்தது அவளுடைய உழைப்பின் மேல்தான்!

யார் யார் போகிறீர்கள்?

ஆகையால் வாடகையைப் பார்க்குமுன் உங்களுடன் வருகிறவர்களைப் பாருங்கள். கைக்குழந்தைக்கு நள்ளிரவில் பால் காய்ச்ச வேண்டும். நீரிழிவு உள்ளவருக்கு வேளாவேளைக்கு ஏற்ற உணவு வேண்டும். இரண்டு குடும்பங்கள் சேர்ந்து போகிறீர்கள், மாலையில் எல்லோரும் ஒன்றாய் அமர்ந்து பேசவும் ஜெபிக்கவும் ஒரு கூடம் வேண்டும். இப்படிப்பட்டவர்களுக்கு வீடே ஏற்றது. ஆனால் சமைப்பது யார் என்பதைப் புறப்படுமுன்னே பேசி முடிவு செய்யுங்கள். ஒரு வேளை சமையல், மற்ற வேளைகள் வெளியில் சாப்பாடு என்று வைத்துக்கொள்ளலாம். கணவனும் பிள்ளைகளும் பாத்திரம் துலக்கினால் விடுமுறை ஒன்றும் கெட்டுப்போகாது.

முதியவர்கள் வந்தால் எத்தனையாவது மாடி, லிப்ட் உண்டா, மேற்கத்தியக் கழிப்பறை உண்டா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். படத்தில் படிக்கட்டு தெரியாது.

கணக்கைக் கடைசிவரை கூட்டுங்கள்

ஓர் உதாரணம் பாருங்கள். ஆறு பேருக்கு விடுதியில் இரண்டு அறைகள், அறைக்கு ரூ.3,500 வீதம் மூன்று இரவுக்கு ரூ.21,000. வரி சேர்த்து ரூ.22,050. பல விடுதிகளில் காலை உணவும் இதில் அடங்கும். ஒரு வீடு இரவுக்கு ரூ.6,000 என்றால் மூன்று இரவுக்கு ரூ.18,000. மலிவு போலத் தோன்றுகிறது அல்லவா? ஆனால் சுத்தம் செய்யும் கட்டணம் ரூ.1,500, முன்பதிவுத் தளத்தின் சேவைக் கட்டணம் ரூ.2,000 என்று கூடினால் ரூ.21,500. வரியும் சேர்ந்தால் இரண்டும் ஏறக்குறைய சமமாகிவிடுகின்றன.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். சுத்தம் செய்யும் கட்டணம் ஒரு நாள் தங்கினாலும் ஏழு நாள் தங்கினாலும் பெரும்பாலும் ஒருமுறைதான். ஆகவே ஓரிரு இரவுக்கு விடுதியும், ஐந்தாறு நாட்களுக்கு மேற்பட்டால் வீடும் பொதுவாக லாபம். விடுதி அறை வாடகை ஒரு நாளைக்கு ரூ.7,500 வரை இருந்தால், 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம். அதற்கு மேற்பட்டால் 18 சதவீதம். பழைய 12 சதவீதத்தை யாராவது கேட்டால் கொடுக்காதேயுங்கள்.

இரவில் கூப்பிட்டால் யார் வருவார்?

என் அனுபவத்தில் இதுவே முதன்மையான கேள்வி. விடுதியில் இரவு 2 மணிக்குத் தண்ணீர் நின்றாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டாலும், கீழே ஒருவர் விழித்திருப்பார். சீக்கிரம் வந்து இறங்கினால் பெட்டிகளை வைத்துவிட்டுக் கைகால் கழுவிக்கொள்ளவும் இடம் தருவார்கள். வாடகை வீட்டில் அந்த இடத்தில் ஒரு தொலைபேசி எண் மாத்திரமே உண்டு. அந்த எண்ணுக்குரியவர் எவ்வளவு தூரத்தில் குடியிருக்கிறார் என்று கேளுங்கள். புறப்படுவதற்கு முந்தின நாள் ஒருமுறை பேசியும் பாருங்கள்.

இரண்டுக்கும் நடுவே வேறொரு வழியும் உண்டு. வீட்டுக்காரர் குடும்பத்தோடு அதே வீட்டில் வசித்துக்கொண்டு, சில அறைகளை மட்டும் விருந்தினருக்குக் கொடுக்கும் ஹோம்ஸ்டே முறை அது. மத்திய சுற்றுலா அமைச்சகம் இத்தகைய வீடுகளைத் தங்கம், வெள்ளி என்று தரம் பிரித்து அங்கீகரிக்கிறது. கேரள அரசும் இப்படியே தரம் பிரிக்கிறது. முதியோருடன் போகிறவர்களுக்கு இது நல்ல ஏற்பாடு. வீட்டுச் சாப்பாடும் கிடைக்கும், கூப்பிட்ட குரலுக்கு ஆளும் வருவார்.

பணம் அனுப்புமுன்

பதிவு எண்ணைக் கேளுங்கள். கோவாவில் 1982-ஆம் ஆண்டின் சட்டப்படி, பயணிகளுக்கு வாடகைக்கு விடும் இடங்கள் சுற்றுலாத் துறையில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பானால், அங்குள்ள சங்கம் இதை அனுமதிக்கிறதா என்றும் விசாரியுங்கள். வாசற்காவலர் தடுத்து நிறுத்தினால் அலைவது நீங்கள்தான். "தளத்துக்கு வெளியே யுபிஐயில் அனுப்புங்கள், குறைத்துத் தருகிறேன்" என்பவருக்கு ஒரு ரூபாயும் அனுப்பாதேயுங்கள். ஏமாந்துவிட்டால் தாமதமின்றி 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். பெரியவர்கள் ஒவ்வொருவரும் ஆதார் போன்ற அடையாள அட்டையை எடுத்துச் செல்லுங்கள். விலாசம் இல்லாத பான் அட்டையைப் பல விடுதிகள் ஏற்பதில்லை.

வீடோ, விடுதியோ, உள்ளே நுழைந்தவுடன் குளியலறையைப் பாருங்கள். காஸ் கீசர் குளியலறைக்குள்ளேயே இருந்து, காற்றுப் போகும் வழி இல்லையென்றால் அதை உபயோகிக்க வேண்டாம். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையில்லை; குளிக்கப் போனவர் மயங்கி விழுந்து உயிரிழந்த சம்பவங்கள் உண்டு. மலைவாசஸ்தலங்களில் மூடிய அறைக்குள் கரியடுப்பு மூட்டிக் குளிர்காய்வதும் அப்படியே ஆபத்தானது.

அடுத்த வருடம் மீண்டும் கோவாவுக்குச் சென்றோம். கடற்கரையிலிருந்து சற்று உள்ளே, மாடியில்லாத ஒரு ஹோம்ஸ்டேயில் தங்கினோம். படத்தில் அது அவ்வளவு அழகாயில்லை. ஆனால் ரயிலை விட்டிறங்கி நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாசல் திறந்திருந்தது. அந்த வீட்டம்மா என் தாயாருக்கு நாற்காலி போட்டார்கள். அந்த நான்கு நாட்களும் என் மனைவி அடுப்பு மூட்டவில்லை.

விடுமுறைக்கு இடம் தேடும் அன்பர்களே, அறையின் அழகை இரண்டாவதாகப் பாருங்கள். உங்கள் வீட்டில் யாருக்கு ஓய்வு அதிகம் தேவையோ, அவரை உட்கார வைத்து அவரிடம் முதலில் கேளுங்கள்.