அமர்ந்த கால்களுக்கும் அப்பியாசம்

மடுல்சீமை மலைச்சரிவுகளில் நாளெல்லாம் ஏறி இறங்கும் கால்களுக்கு அப்பியாசம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். அக்கால்களே, கடல் கடந்து வாழும் பிள்ளைகளைக் காணப் புறப்படும்போது அசைவற்று மடங்கிக் கிடக்கின்றன. கட்டுநாயக்கா வரை வண்டியில் பல மணி நேரம். அப்பால் இலண்டனுக்கு விமானத்தில் ஏறத்தாழ 11 மணி நேரம்.

கெண்டைக்கால் தசை சுருங்கும்தோறும் இரத்தத்தை இருதயத்தை நோக்கித் தள்ளுகிறது. தசை ஓய்ந்தால் இரத்தம் தேங்கும். சில வேளை உறையும். அவ்வுறைகட்டி பெயர்ந்து நுரையீரலை அடைந்தால் உயிருக்கே ஆபத்து. 1940இல் இலண்டனில் குண்டுவீச்சுக்கு அஞ்சிப் பதுங்கிடங்களில் இரவெல்லாம் நாற்காலியில் அமர்ந்திருந்தோர் சிலர் இவ்வாறே மாண்டனர். ஆகவே, குற்றம் விமானத்தினுடையதன்று. நெடுநேரம் அசையாதிருப்பதே காரணம்.

நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தால் இவ்வபாயம் ஏறத்தாழ இரு மடங்காகிறது என உலக சுகாதார நிறுவனம் 2007இல் அறிவித்தது. ஆயினும் சுகதேகிகளுள் 6000 பேரில் ஒருவருக்கே அது நேர்கிறது. அச்சம் வேண்டா, அசட்டையும் வேண்டா.

குதிகாலை ஊன்றி விரல்களை உயர்த்துக, பின்னர் விரல்களை ஊன்றிக் குதிகாலை உயர்த்துக, கணுக்காலைச் சுழற்றுக. மணிக்கொரு முறை சில நிமிடங்கள் போதும். இயன்றபோது எழுந்து நடப்பதும் நன்று. வண்டியில் ஏறியதுமே இதனைத் தொடங்க வேண்டும் என்பதே நாம் வற்புறுத்துவது.

கர்ப்பிணிகளும், அண்மையில் சத்திரசிகிச்சை பெற்றோரும், முன்னர் இரத்த உறைவு கண்டோரும் புறப்படுமுன் வைத்தியரைக் கேட்பது அவசியம். பயணத்தின் பின் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் எண்ணெய் இட்டு உருவலாகாது. வைத்தியசாலைக்கே செல்ல வேண்டும். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ கண்டால் ஒரு கணமும் தாமதித்தல் தகாது.