அம்மாவின் மெத்தையில் ஒருமுறை படுத்துப் பாருங்கள்

எங்கள் வீடுகளில் விருந்தாளியின் கண்ணில் படும் சாமான்களுக்கு எப்படியும் காசு கிடைத்துவிடும். வரவேற்பறை சோஃபா, பெரிய டிவி, வாசலில் நிற்கும் கார். படுக்கையறைக் கதவு மட்டும் சாத்தியே இருக்கும். அதற்குள் அம்மா படுக்கும் மெத்தைக்கு எத்தனை வயது என்று கேட்டுப் பாருங்கள். "நீ பள்ளிக்கூடம் போகத் தொடங்கேக்க வாங்கினது" என்று பதில் வரலாம்.

என் கருத்து இதுதான்: இந்த வருடம் வீட்டில் ஒரு புது மெத்தை வாங்க வசதி இருந்தால், அது முதலில் அம்மா அப்பாவின் கட்டிலுக்குப் போக வேண்டும். அதை வாங்கும்போது, "இறுக்கமா இருந்தாத்தான் நாரிக்கு நல்லது" என்ற பழைய பேச்சைக் கடை வாசலிலேயே விட்டுவிட வேண்டும்.

அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில்லில் வளர்ந்தவர்களுக்கு ஷபனெல் தெருவைத் தெரியும். ஒரு காலத்தில் மொன்றியலின் தையல் தொழிற்சாலைகள் நிறைந்திருந்த தெரு. என் அம்மா உட்பட, புலம்பெயர்ந்து வந்த எத்தனையோ பெண்கள் அங்கே தையல் மெஷினுக்கு முன் குனிந்தபடி வருடங்களைக் கழித்தார்கள். இன்று அம்மா காலையில் எழும்பும்போது வலது தோளும் இடுப்பெலும்பும் நோகிறது என்கிறார். கேட்டால், "வயசு போனா இப்பிடித்தான்" என்பார். ஆனால் பத்து மணிக்குப் பிறகு அந்த நோவு குறைந்துவிடுகிறது. எழும்பும்போது கூடுதலாகவும் நடமாடத் தொடங்கியபின் குறைவாகவும் இருக்கும் நோவென்றால், வயதை மட்டும் குற்றம் சொல்லாமல் படுக்கையையும் ஒருமுறை சந்தேகிக்க வேண்டும்.

ஏன் தோளும் இடுப்பும்? பக்கவாட்டில் படுக்கும்போது உடம்பின் பாரத்தின் பெரும்பகுதி இந்த இரண்டு இடங்களில்தான் இறங்குகிறது. இரண்டும் எலும்பு வெளியே துருத்தி நிற்கும் இடங்கள். மெத்தை மிக இறுக்கமாக இருந்தால் தோளும் இடுப்பும் அதற்குள் அமிழாது. இடுப்புக்கு மேலே உள்ள வளைவு அந்தரத்தில் நிற்கும், பாரம் முழுவதும் அந்த இரண்டு இடங்களிலேயே அழுத்தும். கை விறைப்பதும், ராத்திரி முழுக்கப் புரண்டு படுப்பதும் இதனால் வரலாம். மெத்தை மிக மெதுவாக இருந்தால் வேறு பிரச்சினை: இடுப்பு குழிக்குள் போய், முதுகெலும்பு வாழைப்பழம் மாதிரி வளையும். வேண்டியது இரண்டுக்கும் நடுவில்.

இது வெறும் அபிப்பிராயம் இல்லை. 2003-இல் 'த லான்செட்' மருத்துவ இதழில் ஸ்பெயினிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. நீண்டகால நாரி நோவு உள்ள 313 பேரைப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு இறுக்கமான மெத்தையும் மற்றவர்களுக்கு நடுத்தர இறுக்கமுள்ள மெத்தையும் கொடுத்தார்கள். 90 நாட்களின் பின், நடுத்தர மெத்தையில் படுத்தவர்களே கூடுதலாகத் தேறியிருந்தார்கள். அந்த ஆய்வு நாரியைப் பற்றியது, தோளைப் பற்றியது இல்லை. ஆனாலும் "இறுக்கம்தான் மருந்து" என்று இனி யாரும் அடித்துச் சொல்ல முடியாது.

அப்பா உடனே சொல்வார்: "ஊரிலை நாங்கள் பாயிலைதான் படுத்தனாங்கள். ஒண்டும் வரேல்லை." உண்மைதான். அப்போது அவருக்கு இருபது வயது. வயது போகப் போக எலும்பைப் போர்த்தியிருக்கும் தசை குறைகிறது, மூட்டும் தேய்கிறது. பாயில் சுகமாகப் படுக்கிறவர்கள் படுக்கட்டும், அதில் எனக்கு வழக்கு இல்லை. நோவைத் தாங்கிக்கொண்டு படுப்பதை ஒரு பெருமையாக எடுத்துக்கொள்வதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

சரி, எதை வாங்குவது? கடைக்காரர் சொல்லும் பெயர்களில் மூன்றை மட்டும் புரிந்துகொண்டால் போதும்.

முதலாவது மெமரி ஃபோம். 1960களில் நாசாவுக்காக, விமான இருக்கைகளை நினைத்து உருவாக்கிய பொருள். சூட்டுக்கும் பாரத்துக்கும் மெல்ல இளகி உடம்பின் வடிவத்தை எடுப்பதால், தோளிலும் இடுப்பிலும் அழுத்தத்தை நன்றாகக் குறைக்கும். குறைகளும் உண்டு. சூட்டைப் பிடித்துவைக்கும், புரள்வது கொஞ்சம் கடினம். குளிரில் இறுகும் என்பதால், ஜனவரியில் வாகனத்திலிருந்து இறக்கிய அன்றே படுத்துப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

இரண்டாவது லேடெக்ஸ். ரப்பர் பாலில் செய்வது. மெதுவாகவும் இருக்கும், உடனே மேலே தள்ளவும் செய்யும். அதனால் ராத்திரியில் எழும்பி நடக்கும் வயதானவர்களுக்கு வசதி. இதில் எங்கள் ஊர்க்கதையும் ஒன்று உண்டு. 1876-இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்த ரப்பர் கன்றுகளை இலங்கையின் ஹெனரத்கொடயில் நட்டார்கள். இன்று இலங்கை லேடெக்ஸ் மெத்தைகளை ஏற்றுமதி செய்கிறது. விலை கூட. ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும்.

மூன்றாவது, தனித்தனிப் பைகளில் ஸ்பிரிங் வைத்து, மேலே ஃபோம் போட்ட கலப்பு மெத்தை. காற்றோட்டம் நல்லது, ஓரத்தில் உட்கார்ந்து எழும்பவும் சுலபம். பாரமான உடம்புக்குப் பெரும்பாலும் இதுவே பொருந்தும்.

எந்த வகையானாலும் உடம்புதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். மெலிந்தவருக்கு நடுத்தரமாக இருப்பது பாரமானவருக்கு மெதுவாக இருக்கும். மார்ஷே சென்ட்ரால் பக்கம் கடைகளுக்குப் போனால் அம்மாவையும் கூட்டிப் போங்கள். கோட்டையும் சப்பாத்தையும் கழற்றிவிட்டு, வீட்டில் எந்தப் பக்கம் படுப்பாரோ அந்தப் பக்கமாகப் பத்துப் பதினைந்து நிமிடம் படுக்கட்டும். நீங்கள் பின்னால் நின்று பாருங்கள்: கழுத்திலிருந்து இடுப்புவரை முதுகெலும்பு நேர்கோடாக இருக்கிறதா? இடுப்பு வளைவுக்குக் கீழே உங்கள் கை தாராளமாக நுழைந்தால் மெத்தை இறுக்கம் கூட. தலகணியையும் மறக்க வேண்டாம். அது தோளின் அகலத்தை நிரப்பாவிட்டால், நல்ல மெத்தையிலும் கழுத்து நோகும்.

காசு குறைவா? இப்போதுள்ள மெத்தை குழி விழாமல், வெறுமனே இறுக்கமாக மட்டும் இருந்தால், மேலே விரிக்கும் இரண்டு மூன்று அங்குல ஃபோம் விரிப்பே போதும். குழி விழுந்திருந்தால் அதுவும் குழிக்குள்தான் போகும். ஜூலை 1-ஆம் தேதி வீடு மாறுபவர்கள் தெருவோரம் விட்டுப்போகும் மெத்தையை மட்டும் தொடாதீர்கள். மூட்டைப்பூச்சி இலவசமாக வரும்.

சட்டத்தில் இரண்டு விஷயம். கியூபெக்கில், மனம் மாறியதற்காகக் கடையில் வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை தானாக வராது. எத்தனை இரவு படுத்துப் பார்க்கலாம், யார் திருப்பி எடுத்துப் போவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். மேலதிக உத்தரவாதம் என்று விற்க வந்தால், சட்டமே ஒரு உத்தரவாதம் தருகிறது என்பதை நினைவில் வையுங்கள். நியாயமான காலம் உழைக்காத பொருளுக்கு வியாபாரி பொறுப்பு. 1,000 டொலர் விலைக்கு இரண்டு வரியும் சேர்ந்து 149.75 டொலர் வரும், அதையும் கணக்கில் எடுங்கள்.

மெத்தை எல்லா நோவையும் தீர்க்காது. கால் கை விறைப்பு மாறாமல் இருந்தால், நோவு நாளுக்கு நாள் கூடினால், 811-க்கு அழைத்துக் கேளுங்கள், வைத்தியரைப் பாருங்கள்.

அம்மா "எனக்கேன் இந்தச் செலவு, உனக்கு வாங்கு" என்றுதான் சொல்வார். அவர் கேட்கும்வரை காத்திருந்தால் அந்த மெத்தை ஒருநாளும் வராது. அண்ணா தம்பி அக்கா தங்கை எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் சேருங்கள். விலைச்சீட்டை அவர் பார்க்க முன்னம் ஒருவர் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.